சத்தம் வருகிறது, படம் வரவில்லை

அண்ணாச்சி பதில்கள்

போன இதழில் மிக்ஸி ஜாரின் வாஷர் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் மிக்ஸி பற்றி ஒன்றுகூட இல்லை, எல்லாம் டி.வி. சரி, அதுதான் என் பழைய தொழில். 1985-இல் தூத்துக்குடியில் ஒரு கடையில் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவன் நான். இப்போது கடையை மருமகன் பார்க்கிறார். நான் போய் உட்கார்ந்து குறை சொல்வதோடு சரி. வந்தவற்றில் சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். எங்கள் 43 அங்குல டி.வி. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோதே படம் போய்விட்டது. சத்தம் மட்டும் வருகிறது, சேனல் மாற்றினால் சத்தமும் மாறுகிறது. சர்வீஸ் சென்டரில் 'பேனல் போய்விட்டது, 19,000 ஆகும், புதுசே வாங்கிவிடுங்கள்' என்கிறார்கள். தெருமுனை மெக்கானிக் 3,500 ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் '55 அங்குலம் ஆர்டர் போட்டுவிடவா?' என்று தினமும் போன் செய்கிறான். மாமனாருக்கு 84 வயது, காது கொஞ்சம் மந்தம். ஹால் 10-க்கு 12 அடி. என்ன செய்யட்டும்?"
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோவில்பட்டி

டீச்சர், மகனை ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஹால் விளக்கை அணைத்துவிட்டு டி.வி.யைப் போடுங்கள். சத்தம் வரும். ரிமோட்டில் மெனு பட்டனை அமுக்குங்கள். இப்போது செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்திப் பாருங்கள். வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் மெனுவின் எழுத்தோ, சீரியல்காரியின் பாதி முகமோ மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் பேனல் உயிரோடு இருக்கிறது. கச்சேரி நடந்துகொண்டுதான் இருக்கிறது, மேடையில் விளக்கு மட்டும் அணைந்துவிட்டது.

எல்.இ.டி. டி.வி. என்று நாம் சொல்வதில் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. முன்னால் இருப்பது ஒரு கண்ணாடிப் பேனல், அதற்குப் பின்னால் பட்டை பட்டையாகச் சின்ன எல்.இ.டி. பல்புகள். இந்தப் பட்டைகளை நாங்கள் 'ஸ்ட்ரிப்' என்போம், மொத்தமாகச் சொன்னால் 'பேக்லைட்'. கோவில் கொடைக்குப் போடும் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். ஒரு பல்பு போனதும், ஏதோ கோளாறு என்று சர்க்யூட் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். என் மருமகனிடம் மாதம் பத்து டி.வி. வந்தால் நாலைந்து இந்தக் கேஸ்தான்.

அந்த 3,500 நியாயமான கூலிதான். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் கொஞ்சம் பேச வேண்டும். போன பல்பை மட்டும் மாற்றாமல் எல்லா ஸ்ட்ரிப்பையும் மாற்றச் சொல்லுங்கள். மிச்சமுள்ளவையும் அதே ஆறு வருடம் எரிந்தவைதான், இரண்டு மாதத்தில் அடுத்தது போகும். அப்புறம், பிரிக்கும்போது கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுங்கள். ஸ்ட்ரிப்பை மாற்ற வேண்டுமானால் அந்த மெல்லிய கண்ணாடியைத் தனியாகத் தூக்கி வைத்தாக வேண்டும். அப்பளத்தை அடுப்பிலிருந்து எடுக்கிற மாதிரி வேலை. 43 அங்குலத்தை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது, இருபக்கமும் ஆள் வேண்டும். 'நான் ஒருத்தனே முடிச்சிடுவேன்' என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். ஆறு மாதமாவது கேரண்டி எழுதித் தரச் சொல்லுங்கள்.

டி.வி. திரும்பி வந்ததும் செட்டிங்ஸில் போய் 'விவிட்' என்று இருப்பதை 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா' ஆக்கி, பேக்லைட்டை 60, 70-க்குக் குறைத்துவிடுங்கள். நூறில் வைத்துக் காலையிலிருந்து ராத்திரி வரை ஓடவிட்டால் பல்பு சூட்டிலேயே வேகும். பாதி வீடுகளில் இதனால்தான் ஸ்ட்ரிப் போகிறது.

டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லை, அல்லது திரையில் பாதி கறுப்பு, நெட்டுக்குத்தாகக் கோடு என்றால் அது வேறு. பேனல் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதற்குச் செலவு செய்யாதீர்கள். சிவப்பு விளக்குகூட எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பவர் போர்டுதான், சில நூறு ரூபாயில்கூட முடியும். கம்பெனி லோகோ வந்து வந்து அணைகிறது என்றால் மெயின் போர்டு அல்லது சாப்ட்வேர். ஆறு வருட டி.வி.க்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: ரிப்பேர் செலவு, அதே அளவுப் புது டி.வி.யின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவது.

உங்கள் மகன் சொல்வதும் தப்பில்லை. 12 அடி ஹாலில் சோபா 8, 9 அடி தள்ளித்தான் இருக்கும், அந்தத் தூரத்துக்கு 55 அங்குலம் பொருந்தும். வயதானவருக்குப் பெரிய எழுத்து நல்லதும்கூட. ஆனால் உங்கள் வீட்டில் குறை காதுக்குத்தானே தவிர கண்ணுக்கு இல்லையே! இப்போது வரும் டி.வி.க்கள் ஒல்லி. ஸ்பீக்கரை முன்பக்கம் வைக்க இடம் இல்லாமல் அடியில் வைத்துக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறார்கள், சத்தம் மேஜையில் இடித்துவிட்டு வருகிறது. 50,000 கொடுத்து 55 அங்குலம் வாங்கினாலும் மாமனார் 'என்ன சொல்றான், என்ன சொல்றான்' என்றுதான் கேட்பார். 3,500-க்கு டி.வி.யைச் சரிசெய்து, இன்னொரு 4,000-க்கு ஒரு சின்ன சவுண்ட்பார் (டி.வி.க்கு முன்னால் வைக்கும் நீள ஸ்பீக்கர்) வாங்கி, பின்னால் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகுங்கள். செட்டிங்ஸில் ஒருமுறை சொல்லிவிட்டால் பெரும்பாலும் டி.வி. ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ப்ளூடூத் ஹெட்போன் மலிவுதான், ஆனால் பல டி.வி.க்களில் அதை மாட்டியதும் டி.வி.யின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மாமனார் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் மௌனப் படம் பார்க்க வேண்டியிருக்கும். முதலில் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

"அண்ணாச்சி, நான் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். புது டி.வி. வாங்கப் போனால் 4கே, க்யூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று தலையைச் சுற்றவைக்கிறார்கள். வீட்டில் இருப்பது கேபிள் கனெக்‌ஷன். கிரிக்கெட், பழைய படம், அவ்வளவுதான். 30,000 ரூபாய் வைத்திருக்கிறேன்."
— அச்சகத் தொழிலாளி, சிவகாசி

புள்ளி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தம்பி. ஹெச்.டி. ரெடி என்றால் 1366-க்கு 768, பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம் புள்ளி. ஃபுல் ஹெச்.டி. 1920-க்கு 1080, சுமார் 21 லட்சம். 4கே என்பது 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். வாட்ஸ்அப்பில் வந்த கல்யாண போட்டோவை பிளக்ஸ் பேனருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கேபிளில் வரும் சாதாரண சேனலை 4கே டி.வி.யில் போட்டால் அதுதான் ஆகும். 4 லட்சம் புள்ளி கொண்ட படத்தை 83 லட்சம் புள்ளியில் இழுத்துப் பூசுகிறது. முகமெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். 'புது டி.வி.யில் படம் மோசமா இருக்கு' என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களில் பலர் இந்தக் கேஸ்தான். டி.வி. மேல் குற்றம் இல்லை. கேபிள்காரரிடம் ஹெச்.டி. பாக்ஸ் கேளுங்கள். அதை ஹெச்.டி.எம்.ஐ. வயரில் இணைக்கிறாரா என்று நின்று பாருங்கள். சில பேர் ஹெச்.டி. பாக்ஸைக் கொடுத்துவிட்டு, பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரையே செருகிவிட்டுப் போவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

க்யூ.எல்.இ.டி. என்பது பெயரைக் கேட்டால் புது ஜாதி மாதிரித் தெரியும், அதுவும் பேக்லைட் டி.வி.தான். பல்புக்கும் பேனலுக்கும் நடுவில் நிறத்தைத் தெளிவாக்கும் ஒரு மெல்லிய படலம் கூடுதலாக இருக்கிறது. நிறம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஓ.எல்.இ.டி. நிஜமாகவே வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் மையை ஊற்றிய கறுப்பு. உங்கள் 30,000-க்கு அது வராது, வந்தாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். கிரிக்கெட்டோ நியூஸோ, ஒரே சேனலை நாளெல்லாம் ஓடவிடும் வீட்டில், வருடக் கணக்கில் அந்த மூலையில் நிற்கும் லோகோ திரையிலேயே நிழலாகப் பதிந்துபோகலாம்.

உங்கள் பணத்துக்கு 43 அங்குலத்தில் பெயர் தெரிந்த கம்பெனியின் 4கே டி.வி. நன்றாகவே கிடைக்கும். 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 32-க்கும் அதற்குக் கீழும் முன்பிருந்தே 18 தான். பழைய விலையை அடித்துக் காட்டி 'எங்க கடை ஆஃபர்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். அதில் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில் ஐந்து நிமிடம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏன் என்றால், கடையில் ஓடுவது கிளி, மாதுளம்பழம், ஆகாயத்திலிருந்து எடுத்த கடல். எந்தக் கிளி எந்தப் பச்சையில் இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் அக்கா முகம் என்ன நிறம் என்று உங்களுக்குத் தெரியும். பட்டுப்புடவையில் அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரிகிறதா, மண்டபத்து மூலையில் கறுப்பு பேன்ட் போட்டு நிற்கும் மாமா சுவரோடு கலந்துவிட்டாரா, இதெல்லாம் பாருங்கள். கடைக்காரர் 'டெமோ மோடில்' வைத்திருப்பார், சாதாரண மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை. அப்புறம் டி.வி.க்கு எதிரே நிற்காமல், உங்கள் வீட்டில் அம்மா எந்த ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பாரோ அந்தக் கோணத்தில் போய் நின்று பாருங்கள். சில பேனல்கள் நேரே பார்த்தால் கறுப்பு பிரமாதமாக இருக்கும், பக்கத்தில் போனதும் வெளிறிவிடும். சில பேனல்கள் நேர்மாறு. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் இரண்டாவது வகைதான் ஒத்துவரும். கிரிக்கெட்டுக்காக '120 ஹெர்ட்ஸ்', அதாவது திரை நொடிக்கு 120 தடவை படத்தை மாற்றும் என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், கேபிளில் வரும் கிரிக்கெட்டுக்கு 60 போதும்.

"எங்கள் வீட்டுச் சுவரில் டி.வி.க்கென்றே கட்டிய ஷோகேஸ் இருக்கிறது. குழியின் அகலம் சரியாக 3 அடி. 43 அங்குலம் வைக்கலாமா? 43 அங்குலம் என்றால் மூன்றரை அடிக்கு மேல் வருகிறதே, ஆனால் கடையில் 'உள்ளே போயிரும்' என்கிறார்கள்."
— இல்லத்தரசி, நாசரேத்

போகாது, தங்கச்சி. 43 என்பது மூலைக்கு மூலை குறுக்காக அளந்த அளவு. அகலம் அதைவிடக் குறைவு, சுமார் 96 செ.மீ. வரும். உங்கள் 3 அடி 91 செ.மீ. ஐந்து செ.மீ.க்காகச் சுவரை இடிக்க முடியாது. அந்தக் குழிகள் 21 அங்குலக் கண்ணாடி டி.வி. காலத்தில் கொத்தனார் கட்டியவை, ஆழம் இரண்டு அடி இருக்கும், அகலம் இருக்காது. 32 அங்குலம் தாராளமாகப் போகும். அது வேண்டாம் என்றால் குழியில் புத்தகமோ பொம்மையோ வைத்துவிட்டு, வேறு சுவரில் 43-ஐ மாட்டுங்கள்.

மாட்டும்போது ஒன்று. வருகிற பையன் நின்றுகொண்டு அளந்து, அவன் கண்ணுக்கு நேரே துளை போடுவான். நீங்கள் உட்கார்ந்துதானே பார்க்கப் போகிறீர்கள்? நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து மூன்றரை அடிதான், பாயில் உட்கார்ந்தால் இரண்டரை. டி.வி.யின் நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி வர வேண்டும். கோபுரம் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தால் பத்து நாளில் கழுத்து பிடித்துக்கொள்ளும். மேஜையில் வைப்பதானால் கால்களைப் பாருங்கள். இப்போது இரண்டு காலும் இரண்டு ஓரத்தில் இருக்கிறது. மேஜை டி.வி. அகலத்துக்கு இல்லாவிட்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்.

"2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் டி.வி. பாதி மூழ்கியது. காயவைத்து, போர்டு மாற்றி, இதுவரை ஓடியது. இப்போது கோடு கோடாக வருகிறது. திரும்பவும் ரிப்பேர் செய்யலாமா?"
— வாசகர், ஏரல்

வேண்டாம் அய்யா. அந்த வெள்ளம் எனக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஏரல் பக்கம் தாமிரபரணி ஊருக்குள் வந்த நாட்கள். தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு மாதம் கடையில் நிற்க இடம் இல்லை, எல்லாம் சேறு படிந்த டி.வி. அதில் நாங்கள் உயிர் கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் வருடத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. தண்ணீர் காய்ந்துவிடும், அது விட்டுப்போன மண்ணும் உப்பும் காயாது. பேனலின் அடி விளிம்பில் மயிரிழை கனத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் வரிசையாக இருக்கின்றன. அதில் பச்சை பூத்துவிட்டால் கோடு வரும். ஒன்று இரண்டாகும், இரண்டு பத்தாகும். உங்களுடையது இத்தனை நாள் ஓடியதே பெரிது.

"நாலு வருட ஸ்மார்ட் டி.வி. படம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆப் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது. மாற்றிவிடலாமா அண்ணாச்சி?"
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

மூளை மந்தமானதற்கு உடம்பையே மாற்றுவாயா? 3,000, 4,000-க்கு, ஆப்களைத் தானே ஓட்டும் ஸ்டிக் கிடைக்கிறது. ஹெச்.டி.எம்.ஐ.யில் செருகு, டி.வி.யின் சொந்த ஆப்களை மறந்துவிடு. அடுத்த முறை வாங்கும்போது ரேம் 2 ஜி.பி.யாவது இருக்கிறதா பார். ஊர் பேர் தெரியாத கம்பெனிகள் செல்போனுக்கான ஆண்ட்ராய்டை டி.வி.யில் ஏற்றி 'ஸ்மார்ட்' என்று விற்கின்றன. அவற்றில் நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப்கள் ஒழுங்காக ஓடாது. பெட்டியில் கூகுள் டி.வி., வெப்ஓஎஸ், டைசன் என்று டி.வி.க்கென்றே செய்த சாப்ட்வேரின் பெயர் ஏதாவது தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

"பேரன் பிளாஸ்டிக் மட்டையால் அடித்ததில் திரையில் சிலந்தி வலை போல் விரிசல். வாங்கி மூன்று மாதம்தான். வாரண்டியில் வருமா?"
— வாசகி, அருப்புக்கோட்டை

வராது அம்மா. உடைந்ததற்கு வாரண்டி கிடையாது. பேனலை மாற்றுவதும் புதுசு வாங்குவதும் ஏறக்குறைய ஒரே செலவு. பேரனை அடிக்காதீர்கள், மட்டையை வாங்கி வையுங்கள்.

"டி.வி. திரையை எதை வைத்துத் துடைக்க வேண்டும்? கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே அடிக்கலாமா?"
— வாசகி, தென்காசி

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தோம். ஒட்டடை அடித்த தூசி திரையில் படிந்திருந்தது. ஜன்னலுக்கு வைத்திருந்த ஸ்பிரேயை எடுத்து இரண்டு தடவை அடித்து, துணியால் துடைத்தாயிற்று. திரை பளபளவென்று இருந்தது. அதில் ஒரு சொட்டு கண்ணாடியில் வழிந்து, கீழே விளிம்புக்கும் பேனலுக்கும் நடுவில் போனதை யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் டி.வி.யைப் போட்டதும் இடது பக்கம் விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு. ஏரல்காரருக்குச் சொன்னேனே, அதே விளிம்பு, அதே இணைப்பு. வெள்ளம் வேண்டியதில்லை, ஒரு சொட்டு போதும். 'வீட்டுக்காரிதான் துடைத்தாள்' என்று ஊரில் சொல்லிவைத்திருந்தேன். துணி என் கையில்தான் இருந்தது.

டி.வி.யை அணைத்து, சூடு ஆறவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் உலர்வாகத் துடைத்தால் போதும். எண்ணெய்க் கை பட்டிருந்தால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, கீழிருந்து மேலாகத் துடையுங்கள். திரையில் நேராக எதையும் அடிக்கக் கூடாது.

"ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?"
— விவசாயி, விளாத்திகுளம்

பெரும்பாலான இன்றைய டி.வி.க்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பின்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் ஸ்டெபிலைசர் தண்டச் செலவு. உங்கள் பக்கம் பயப்பட வேண்டியது வோல்டேஜுக்கு இல்லை, இடிக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வெட்டவெளிக் கரிசலில் இடி இறங்கும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். அதோடு மறக்காமல் கேபிள் அல்லது டிஷ் வயரையும் கழற்றுங்கள். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டுவிட்டவர்களின் டி.வி.தான் எங்களிடம் மெயின் போர்டு கருகி வரும்.

"ஆன்லைனில் வாங்கினால் உடைந்து வரும் என்கிறார்களே?"
— வாசகர், சாத்தூர்

கடையில் வாங்கினாலும் ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் உடையும். டி.வி. பெட்டி எப்போதும் நின்றுகொண்டுதான் பயணம் செய்ய வேண்டும். பெட்டியை நீங்கள் பிரிக்காதீர்கள், மாட்ட வருகிற ஆளை விட்டே பிரிக்கச் சொல்லி, முத்திரையைக் கிழிப்பதிலிருந்து படம் வருவது வரை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் மாடல் நம்பர் பில்லில் இருப்பதோடு கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாதிரி டி.வி.க்கு நாலு மாடல் நம்பர் இருக்கும். என் மச்சினனுக்கே ஒரு கடையில் ஒன்றைக் காட்டி, அதன் தம்பியைக் கொடுத்து அனுப்பினார்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

"அப்பா காலமாகி ஒரு வருடம். அவர் அறையில் 14 அங்குலப் பழைய கலர் டி.வி. இருக்கிறது, அரசு இலவசமாகக் கொடுத்தது. இப்போதும் ஓடுகிறது. எடைக்குப் போடப் போனால் வாங்க மாட்டேன் என்கிறார் பழைய இரும்புக்காரர். என்ன செய்வது?"
— வாசகர், திருச்செந்தூர்

2006 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்த டி.வி. ஓடுகிறதா இன்னும்? பரவாயில்லையே. அந்தப் பெட்டிகள் ஊருக்குள் வந்தபோது எங்கள் கடைக்கு ஒரு வருடம் நல்ல வேலை. ரிப்பேருக்கு இல்லை, வீட்டுக்கு வீடு வயர் இழுத்துக் கொடுக்க.

பழைய இரும்புக்காரர் வாங்காததற்குக் காரணம் இருக்கிறது. அதன் பிக்சர் ட்யூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, அதை உருக்குவதற்கு யாரும் வாங்க மாட்டார்கள். சில பேர் உள்ளே இருக்கும் செம்புக் காயிலுக்காக ட்யூபை உடைத்து, கண்ணாடியைக் குளத்தங்கரையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவர் கையில் கொடுக்காதீர்கள். புது டி.வி. வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், ஐந்நூறு கிடைத்தாலும் லாபம். இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

ஆனால் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 'என்ன செய்வது' என்று கேட்டிருக்கிறீர்கள், 'எப்படித் தொலைப்பது' என்று கேட்கவில்லை. ஒரு வருடமாக அந்த அறையில் அதை வைத்திருக்கிறீர்கள். ஓடுகிறதா என்று போட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

1985-இல் நான் வேலைக்குச் சேர்ந்த கடையின் முதலாளி வீட்டு மொட்டை மாடியில் முப்பது அடி ஆன்டெனா இருந்தது. எங்கள் கரையில் அப்போது சென்னையைவிடக் கொழும்பு பக்கம். ராத்திரி காற்று சரியாக இருந்தால் கடல் தாண்டி இலங்கை டி.வி.யான ரூபவாஹினி வரும். ஒரு ஆள் மேலே குழாயைத் திருப்புவான், நான் படிக்கட்டில் நின்று 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்' என்று கத்துவேன். கீழே தெருவே உட்கார்ந்திருக்கும். அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை முதலாளியின் மகன் வீடு மாற்றும்போது விற்றுவிட்டான். அதன் சேனல் குமிழ் ஒன்று மட்டும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. எதற்கென்று கேட்காதீர்கள்.

ஓடுகிற டி.வி.யை ஏன் தூக்கிப் போட வேண்டும்? பழைய செட்-டாப் பாக்ஸ் ஒன்று இருந்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்து அந்த அறையிலேயே வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், நம் உப்புக்காற்றில் சும்மா கிடந்தால்தான் சீக்கிரம் கெடும். பின்மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த ட்யூபில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்குக் கரண்ட் தேங்கி நிற்கும். தூசி தட்ட வேண்டுமென்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், மருமகனுக்கு அதைத் திறக்கத் தெரியாது, நான் திறந்து தருகிறேன்.